கிளித்தட்டும் பின்களமும்: எதிரியைத் தாமதிக்கச் செய்யும் கலை

உதைபந்தாட்டத்தில் மிகக் கடினமான கணக்கு எதுவென்று என்னிடம் கேட்டால், இருவருக்கு எதிராக ஒருவர் என்பதே என் விடையாக இருக்கும். நமது அணியினர் மூலை உதைக்காக எதிரணியின் கோல் வாசலில் திரண்டு நிற்கின்றனர். பந்து பறிபோகிறது. எதிரணி வீரர்கள் இருவர் பந்துடன் நமது பக்கம் விரைகின்றனர். இடையில் நிற்பவர் நமது பின்கள வீரர் ஒருவர் மட்டுமே. அவருக்குப் பின்னால் பந்துக்காப்பாளர். ஏனைய ஒன்பது பேரும் முப்பது, நாற்பது மீற்றர் தொலைவில் தங்கிவிட்டனர். அந்த ஒருவர் இப்போது என்ன செய்ய வேண்டும்?

யாழ்ப்பாணக் குடாநாட்டின் மைதானங்களில் எல்லைக் கோட்டுக்கு வெளியே நிற்பவர்களின் விடை பெரும்பாலும் ஒன்றுதான். "போய் அடி!" "வெட்டு!" "ஆளை விடாத!" அந்தக் குரலுக்குப் பணிந்து பாயும் பின்கள வீரரை, பந்தை வைத்திருப்பவர் ஒரு சிறு தட்டலில் கடந்துவிடுகிறார். பிறகு நடப்பதைச் சொல்லத் தேவையில்லை.

சரியான விடை பார்வைக்கு அழகற்றது. அவர் பாயக் கூடாது. பந்துக்கும் கோலுக்கும் நடுவில் நின்றபடி, முகத்தை எதிரியின் பக்கம் வைத்துக்கொண்டு, மெல்லப் பின்வாங்க வேண்டும். பந்தைப் பறிப்பது அந்தக் கணத்தில் அவரது வேலை அன்று. தன் தோழர்கள் திரும்பி வரும்வரை எதிரியைத் தாமதிக்கச் செய்வதே அவரது வேலை. இவ்வாறு பின்வாங்குபவரைக் கோழை என்று எண்ணும் பழக்கம் நம்மிடம் உண்டு. அந்த எண்ணம் தவறானது என்பதையும், இந்தக் கலை உலக உதைபந்தாட்டத்தில் எப்படி உருவானது என்பதையும், அதன் அடிப்படை நமது ஊர் விளையாட்டு ஒன்றில் முன்னரே இருந்தது என்பதையும் இங்கு எழுத விரும்புகின்றேன்.

விநாடிகளின் கணக்கு

முதலில் எளிய கணக்கு ஒன்றைப் பார்ப்போம். 105 மீற்றர் நீளமான மைதானத்தில் நடுக்கோட்டிலிருந்து கோல் கோடு வரை 52.5 மீற்றர். விநாடிக்கு 7 மீற்றர் வேகத்தில் ஓடும் ஒருவர் அத்தூரத்தை ஏழரை விநாடிகளில் கடந்துவிடுவார். தனித்து நிற்கும் பின்கள வீரர் பாய்ந்து ஏமாந்துவிட்டால், எதிரணிக்குத் தேவைப்படுவது அந்த ஏழரை விநாடிகளே. மாறாக, அவர் நிதானமாகப் பின்வாங்கி எதிரியின் வேகத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். இப்போது பதினைந்து விநாடிகள் ஆகின்றன. மேலதிகமாகக் கிடைத்த ஏழரை விநாடிகளில், அதே வேகத்தில் திரும்பி ஓடும் ஒரு தோழர் 50 மீற்றருக்கும் மேலாக ஓடி முடித்திருப்பார். பந்தைக் காலில் வைத்துக்கொண்டு ஓடுபவரைவிடப் பந்தின்றி ஓடுபவர் விரைவாக ஓடுவார் என்பதையும் வாசகர்கள் சேர்த்துக்கொள்ளலாம்.

அதாவது, ஒருவர் பின்வாங்கிச் சேமிக்கும் நேரம் இன்னொருவரின் ஓட்டமாக மாறுகிறது. இருவருக்கு ஒருவர் என்றிருந்தது இருவருக்கு இருவராகிறது. இன்னும் சில விநாடிகளில் இருவருக்கு மூவராகிறது. அவரைக் கோழை என்பவர்கள் இந்த மாற்றத்தைக் கவனிப்பதில்லை. பதறாத காரியம் சிதறாது என்ற நமது பழமொழிக்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டை நான் விளையாட்டுத் துறையில் கண்டதில்லை.

1925இல் பிறந்த சிக்கல்

இன்று நாம் அறிந்த வடிவில் இந்தச் சிக்கல் உதைபந்தாட்டத்தின் தொடக்கக் காலத்தில் இருக்கவில்லை என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். அதற்குக் காரணம் ஓஃப் சைட் விதி.

1866 முதல் 1925 வரை, பந்துக்கு முன்னால் நிற்கும் ஒரு முன்கள வீரருக்கும் எதிரணியின் கோல் கோட்டுக்கும் இடையில் எதிரணியினர் குறைந்தது மூவர் இருந்தால் மட்டுமே அவர் பந்தைப் பெற முடியும். மேலே சொன்ன நிலைமையை இந்த விதியின் கீழ் வைத்துப் பாருங்கள். எதிரே இருப்பவர்கள் பின்கள வீரர் ஒருவரும் பந்துக்காப்பாளரும், ஆக இருவர். எனவே முன்னால் ஓடும் தோழருக்குப் பந்தைக் கொடுத்தால் அது ஓஃப் சைட். பக்கவாட்டிலோ பின்புறமாகவோதான் கொடுக்கலாம். தனித்து நின்ற பின்கள வீரரை விதியே பாதி காப்பாற்றியது.

இந்த விதியைத் தற்காப்புக் கலையாகவே வளர்த்தவர்கள் இருந்தனர். 1904 முதல் ஏறத்தாழ இரு தசாப்தங்கள் நியூகாசில் அணிக்கு ஆடிய அயர்லாந்து வீரர் பில் மக்கிராக்கன் அவர்களுள் புகழ்பெற்றவர். உரிய கணத்தில் ஓரடி முன்னே வைத்து எதிரணியின் முன்களம் முழுவதையும் ஓஃப் சைட்டில் சிக்கவைப்பது அவரது கைவந்த கலை. மற்ற அணிகளும் அதைப் பின்பற்றின. ஆட்டங்கள் நடுக்கோட்டைச் சுற்றி முடங்கின. பார்வையாளர்கள் சலிப்படைந்தனர்.

ஸ்கொட்லாந்து உதைபந்தாட்டச் சங்கத்தின் முன்மொழிவை ஏற்று, 1925இல் மூவர் என்பது இருவர் ஆக்கப்பட்டது. விளைவு உடனடியாகத் தெரிந்தது. இங்கிலாந்தின் முதலாம் பிரிவில் 1924–25 பருவத்தில் 1,192 கோல்கள் போடப்பட்டிருந்தன. அடுத்த பருவத்தில், அதே எண்ணிக்கையான ஆட்டங்களில், 1,703 கோல்கள். 1925 ஒக்டோபர் 3ஆம் திகதி நியூகாசில் அணியிடம் ஆர்சனல் 7–0 என்ற கணக்கில் தோற்றது. அந்தத் தோல்விக்குப் பின்னரே, நடுக்கள மையத்தில் ஆடியவரைப் பின்னுக்கு இழுத்து மூன்றாவது பின்கள வீரராக நிறுத்தும் முறையை ஆர்சனல் முகாமையாளர் ஹேர்பேர்ட் சப்மன் கையாளத் தொடங்கினார். அதற்கான யோசனையை வலியுறுத்தியவர் அணியின் மூத்த வீரர் சார்லி புக்கன்.

புதிய விதியில் 'இருவர்' என்பது பெரும்பாலும் பந்துக்காப்பாளரும் கடைசிப் பின்கள வீரரும்தான். எனவே தனித்து நிற்பவரின் கால்கள் நிற்கும் இடமே ஓஃப் சைட் கோடாகிவிட்டது. அவர் அவசரப்பட்டு முன்னே பாய்ந்து கடக்கப்பட்டுவிட்டால், பந்துடன் வருபவருக்கு முன்னால் பந்துக்காப்பாளர் மட்டுமே எஞ்சுவார். அவர் பாயாமல் நின்றால், அவரைத் தாண்டி முன்னே ஓடும் எதிரி பந்தைப் பெற முடியாது. ஒரே ஒருவரின் பொறுமையில் இருவரின் ஓட்டம் கட்டுப்படுகிறது. பின்னர் 1990இல், கடைசிக்கு முந்திய வீரருக்குச் சமகோட்டில் நிற்பவர் ஓஃப் சைட் அல்லர் என்று விதி மீண்டும் தளர்த்தப்பட்டது. தற்காப்பாளரின் நிலை மேலும் ஓரங்குலம் கடினமானது.

விதி மாறியது 1925இல் எனினும், இதைப் பாடமாக எழுதிக் கற்பிக்க நெடுங்காலம் சென்றது. இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கத்தின் பயிற்சி இயக்குநராக இருந்த அலன் வேட் 1967இல் வெளியிட்ட வழிகாட்டி நூல் தற்காப்பின் கொள்கைகளை வரிசைப்படுத்தியது. தாமதித்தல், ஆழம், சமநிலை, செறிவு, நிதானம் என்று அவற்றைத் தமிழில் கூறலாம். முதலாவதாக வைக்கப்பட்டது தாமதித்தல் என்பதைக் கவனிக்க வேண்டும். மற்ற நான்கும் நிகழ்வதற்கு வேண்டிய நேரத்தை அதுவே தேடித் தருகிறது.

இந்தப் பாடத்துக்கு உலகம் முழுவதும் காட்டப்படும் காட்சி 1970 ஜூன் 7ஆம் திகதி மெக்சிக்கோவின் குவாதலஹாரா நகரில் நிகழ்ந்தது. உலகக் கிண்ணப் போட்டியில் பிறேசிலின் ஜெயர்சினோ முழு வேகத்தில் பந்துடன் வருகிறார். இங்கிலாந்து அணித்தலைவர் பொபி மூர் பாயவில்லை. பின்வாங்குகிறார், மேலும் பின்வாங்குகிறார். தண்டனைப் பகுதிக்குள் வந்த பின்னரே, பந்து எதிரியின் காலிலிருந்து சற்று விலகிய கணத்தில், காலை நீட்டிப் பந்தை மட்டும் எடுத்துக்கொண்டு எழுகிறார். அந்த ஆட்டத்தில் வென்றது பிறேசில். 1–0 என்ற கணக்கில் அந்த ஒரே கோலை அடித்தவரும் ஜெயர்சினோதான். ஆயினும் அரை நூற்றாண்டு கடந்த பின்னரும் அந்த ஆட்டம் பற்றிப் பேசுவோர் மூரின் அந்தப் பின்வாங்கலையும் சேர்த்தே பேசுகின்றனர்.

வெறுங்காலும் வரண்ட மண்ணும்

இனி நமது குடாநாட்டுக்கு வருவோம். ஆங்கிலேயர் ஆட்சியில், மிசனரிமார் நடத்திய பாடசாலைகள் வழியாக உதைபந்தாட்டம் யாழ்ப்பாணத்துக்கு வந்தது. துடுப்பாட்டம் நகரத்துக் கல்லூரிகளின் பெருமையாக நிலைத்தபோது, உதைபந்தாட்டம் கரையோரக் கிராமங்களுக்கும் தோட்டக் கிராமங்களுக்கும் இறங்கியது. யாழ்ப்பாணம் சென். பற்றிக்ஸ், இளவாலை சென். ஹென்றிஸ், தெல்லிப்பழை மகாஜனா ஆகிய கல்லூரிகள் இந்த ஆட்டத்தில் பெயர்பெற்றன. நாவாந்துறை சென். மேரிஸ், குருநகர் பாடும்மீன், பாசையூர் சென். அன்ரனிஸ், இளவாலை யங் ஹென்றீசியன்ஸ், மயிலங்காடு ஞானமுருகன், ஊரெழு றோயல் என்று கழகங்களின் பெயரைச் சொன்னாலே, இன்று ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் வாழும் வாசகர் பலருக்கு ஊர் நினைவு வரும்.

இலங்கை உதைபந்தாட்டச் சங்கம் 1939இல் உருவானது. பீஃபா அமைப்பில் 1952இல் சேர்ந்தது. அக்காலத்தில் தென்னாசியாவெங்கும் வெறுங்காலுடன் ஆடுவதே பெருவழக்கு. 1948 இலண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சை எதிர்த்து 2–1 என்ற கணக்கில் தோற்ற இந்திய அணியில் பெரும்பாலானோர் வெறுங்காலுடனேயே ஆடினர்.

இந்த வெறுங்கால் மரபுக்கும் தற்காப்புக்கும் தொடர்பு உண்டு என்பது என் கருத்து. குடாநாட்டின் நிலம் சுண்ணாம்புக் கல்லின் மேல் படர்ந்த மண். உரும்பிராய், சுன்னாகம் பக்கத்தில் செம்மண், கரையோரத்தில் மணல். புல் தரை என்பது மாரி காலத்தில் சில வாரங்கள் கிடைக்கும் செல்வம். கோடையில் இறுகிப்போன நிலத்தில், சப்பாத்து அணிந்த ஐரோப்பியர் ஈரப் புல்லில் சறுக்கிப் பந்தைப் பறிப்பது போலச் சறுக்கினால், முழங்கால் தோல் தரையோடு போய்விடும். ஆகவே நமது பின்கள வீரர் நின்றபடி ஆட வேண்டியவராகவே இருந்தார். நின்று ஆடுபவருக்கு இயல்பாக வர வேண்டியது பொறுமை. ஆனால் நம்மூர் இரசனை அவரை வேறு பக்கம் தள்ளியது. பந்தை எவ்வளவு உயரமாக, எவ்வளவு தூரமாக அடித்து அகற்றுகிறார் என்பதே பின்கள வீரரின் அளவுகோலாயிற்று. நீண்ட அடிக்குக் கைதட்டல் கிடைத்தது. பின்வாங்கி நின்றவருக்கு ஏச்சுக் கிடைத்தது.

மறித்தல் என்ற சொல்

இதில் விந்தை என்னவென்றால், தாமதிக்கச் செய்தலின் இலக்கணத்தை முழுமையாகக் கொண்ட விளையாட்டு ஒன்றை நாம் தலைமுறை தலைமுறையாக ஆடி வந்திருக்கின்றோம். அதுதான் கிளித்தட்டு. 1970களின் பிற்பகுதியில் என் தலைமுறைச் சிறுவர்கள் நிலாக் காலங்களில் ஆடியதை நான் நன்கு அறிவேன்.

புலம்பெயர்ந்த மண்ணில் பிறந்த இளைய வாசகர்களுக்காகச் சுருக்கமாகக் கூறுகின்றேன். நீள்சதுரமான தளம் ஒன்று. அதன் குறுக்கே சம இடைவெளியில் சில கோடுகள். நடுவே நெடுக்காக ஒரு கோடு. மறிக்கும் அணியினர் குறுக்குக் கோடு ஒன்றுக்கு ஒருவராக நிற்பர். அந்தக் கோட்டிலேயே இடமும் வலமும் நகரலாம். கோட்டை விட்டு விலகக் கூடாது. அவர்களுள் ஒருவர் மட்டும் 'கிளி'. நெடுக்குக் கோட்டின் வழியே ஓடித் திரியும் உரிமை அவருக்கு உண்டு. எதிரணியினர் ஒவ்வொரு கோடாகக் கடந்து மறுமுனைக்குச் சென்று, பிடிபடாமல் திரும்பி வர வேண்டும். தொடப்பட்டால் ஆட்டம் போயிற்று. விதிகள் ஊருக்கு ஊர் சிறிது மாறுபடும், சாரம் இதுவே.

கோட்டில் நிற்பவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். அவர் ஒருவர், அவருக்கு முன்னால் இருவரோ மூவரோ. ஒருவரை நோக்கி அவர் எட்டிப் பாய்ந்தால் மற்றவர் மறுபக்கத்தால் கடந்துவிடுவார். ஆகவே நல்ல மறிகாரர் பாய்வதில்லை. முழங்காலைச் சற்று மடித்து, கைகளை விரித்து, பக்கவாட்டில் சிறு அடிகள் வைத்து, கடக்கும் வழி இன்னும் திறக்கவில்லை என்ற எண்ணத்தை எதிரிகளுக்கு ஊட்டிக்கொண்டே நிற்பார். அவர் காத்திருப்பது எதற்காக? கிளி வருவதற்காக. கிளி பின்னாலிருந்து ஓடி வந்தவுடன் கணக்கு மாறுகிறது. முன்னால் மறிகாரர், பக்கத்தில் கிளி. நடுவில் அகப்பட்டவர் தப்புவது அரிது.

உதைபந்தாட்டப் பயிற்சி நூல்கள் கூறும் அனைத்தும் இதனுள் இருக்கின்றன. தனித்து நிற்கும் பின்கள வீரர்தான் மறிகாரர். பின்னோடி வந்து சேரும் தோழர்தான் கிளி. ஒரு கோட்டுக்குப் பின்னால் இன்னொரு கோடு இருப்பதுதான் அலன் வேட் கூறிய ஆழம். ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. கிளித்தட்டில் கோடு தரையில் கீறப்பட்டது; உதைபந்தாட்டத்தில் அந்தக் கோட்டை வீரர் தன்னோடு பின்னுக்கு எடுத்துச் செல்கிறார். ஆயினும் கோட்டைக் காக்கும் மனம் ஒன்றே.

நமது பேச்சு வழக்கும் இதற்குச் சான்று. கிளித்தட்டு 'மறிக்கிறது' என்றுதான் நாம் சொல்கின்றோம். மறித்தல் என்றால் தடுத்து நிறுத்துதல். அதில் அடித்தல் இல்லை, வெட்டுதல் இல்லை. திருக்குறளின் காலமறிதல் அதிகாரமும், ஊக்கமுடையவன் ஒடுங்கியிருப்பதைத் தாக்குவதற்காகப் பின்வாங்கும் ஆட்டுக்கடாவோடு ஒப்பிடுகிறது. பின்வாங்குதல் இழிவன்று என்ற அறிவு நமது மொழியிலும் விளையாட்டிலும் இருந்தது. உதைபந்து மைதானத்துக்குள் நுழைந்தபோது மட்டும் அதை வெளியே விட்டுவிட்டோம்.

இழந்த மைதானங்கள்

ஒரு பயிற்றுநரிடமிருந்து மாணவருக்கும், மூத்த வீரரிடமிருந்து இளையவருக்கும் கைமாறும் அறிவு இது. அந்தக் கைமாற்றம் நமது மண்ணில் பலமுறை அறுந்தது. 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தனர். மகாஜனக் கல்லூரியும் தன் மைதானத்தை விட்டுப் பெயர்ந்து, ஆண்டுக்கணக்கில் வேறிடங்களில் இயங்கியது. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் ஓரிரவில் தென்மராட்சியை நோக்கி நடந்தது. மைதானம் என்ற சொல்லுக்கே அக்காலத்தில் பொருள் மாறிப்போயிற்று. யாழ். நகரின் துரையப்பா விளையாட்டரங்கில் 1999இல் வேலைகள் நடந்தபோது நிலத்தடியிலிருந்து மனித எலும்புகள் வெளிப்பட்டன. அந்த அரங்கு இந்திய அரசின் உதவியுடன் புனரமைக்கப்பட்டு, 2016 ஜூன் 18ஆம் திகதி மீண்டும் திறந்துவைக்கப்பட்டது.

ஆட்டம் அழிந்துவிடவில்லை. போர்க் காலத்திலும் கழகங்கள் ஆடின. போருக்குப் பின்னர் மகாஜனக் கல்லூரியின் மாணவிகள் அகில இலங்கைப் பாடசாலைகள் மட்டத்தில் சம்பியன் பட்டங்களை வென்று, பெண்கள் உதைபந்தாட்டம் என்றாலே தெல்லிப்பழையை நினைக்கும் நிலையை உருவாக்கினர். மண்ணிழந்து மீண்ட ஓர் ஊரின் பிள்ளைகள் செய்த சாதனை அது. இருக்கைகளும் மின்விளக்குகளும் பணத்தால் வரும். அறுந்துபோன கற்பித்தல் பணத்தால் மட்டும் வராது. முன்களத்தில் ஆடும் திறமை ஓரளவு பிறவியில் வரக்கூடும். தெருவில் ஆடியும் வளரும். எண்ணிக்கையில் குறைந்து நிற்கும்போது பொறுமையாகத் தற்காப்பது அப்படி வருவதில்லை. அது ஒருவர் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தால் மட்டுமே வருவது.

சொல்லிக்கொடுக்கும் முறை

எப்படிச் சொல்லிக்கொடுப்பது? இதற்குப் பெரும் வசதிகள் வேண்டியதில்லை. சுண்ணாம்புத் தூளும் ஒரு பந்தும் போதும்.

முதற்படி, ஒருவருக்கு ஒருவர். இருபது மீற்றர் நீளம், பத்து மீற்றர் அகலம் கொண்ட பாதை ஒன்றைக் கீறி, பந்துடன் வருபவரைத் தற்காப்பாளர் எதிர்கொள்ள வேண்டும். நேருக்கு நேர் நெஞ்சைக் காட்டி நிற்கக் கூடாது. ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாகப் பக்கவாட்டில் நிற்க வேண்டும். இடைவெளி ஒன்றரை முதல் இரண்டு மீற்றர். பார்வை பந்தின் மீது. எதிரியின் தோளசைவு ஏமாற்றும், பந்து ஏமாற்றாது. இந்தப் படியில் பந்தைப் பறித்ததற்குப் புள்ளி இல்லை. எத்தனை விநாடிகள் தாமதிக்கச் செய்தார் என்பதற்கே புள்ளி. பயிற்றுநர் உரத்த குரலில் விநாடிகளை எண்ண வேண்டும்.

இரண்டாம் படி, இருவருக்கு ஒருவர். ஆனால் தற்காப்பாளரின் தோழர் ஒருவர் தாக்குபவர்களுக்கு ஐந்து மீற்றர் பின்னாலிருந்து ஓடத் தொடங்குகிறார். அவர்தான் கிளி. தனித்து நிற்பவர் இருவரையும் பார்க்கக்கூடிய கோணத்தில் நின்று, கோலை நோக்கிச் சாய்வாகப் பின்வாங்குகிறார். பந்து ஓரத்துக்குப் போகுமாறு நடுப்பாதையை மூடுகிறார். ஓரக்கோடு அவருக்கு இன்னொரு தோழர். ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பந்து கைமாறும் ஒவ்வொரு முறையும் தாக்குபவர்கள் நேரத்தை இழக்கின்றனர் என்பதை அவருக்கு உணர்த்த வேண்டும்.

மூன்றாம் படி, பின்னோடி வருபவருக்கானது. பிள்ளைகள் பந்தைத் துரத்திக்கொண்டே ஓடுவார்கள். அது பெரும் பிழை. ஓடிப் போய்ச் சேர வேண்டிய இடம் பந்துக்கும் கோலுக்கும் இடையில் இருக்கிறது. நடுக்களத்தில் நின்றவர் தண்டனை உதைப் புள்ளியை நோக்கி ஓட வேண்டும். ஓரத்தில் நின்றவர் அந்தப் பக்கத்துக் கோல் கம்பத்தை நோக்கி ஓட வேண்டும். பந்தைவிட கோலுக்கு அருகில் சேர்ந்த பின்னரே வேகத்தைக் குறைத்து, எவரை மறிப்பது என்று பார்க்க வேண்டும். அவர் சேர்ந்தவுடன் "வந்திட்டன்" என்று குரல் கொடுக்க வேண்டும். அந்தச் சொல்தான் முன்னவருக்குப் பந்தை நெருங்குவதற்கான அனுமதி. "பொறு", "வெளியாலை தள்ளு", "வந்திட்டன்" என்ற மூன்று சொற்கள் ஓர் அணியின் தற்காப்புக்குப் போதுமானவை.

பின்வாங்குதலுக்கும் எல்லை உண்டு. எதிரி கோலை நோக்கி உறுதியாக உதைக்கக்கூடிய தூரத்துக்கு, ஏறத்தாழ தண்டனைப் பகுதியின் விளிம்புக்கு வந்துவிட்டால், மேலும் பின்வாங்குவது பந்துக்காப்பாளரின் பார்வையை மறைப்பதில்தான் முடியும். அங்கே நிற்க வேண்டும். அதற்கு முன்னரும் சில கணங்கள் தாமாக வாய்க்கும். பந்து காலிலிருந்து அளவுக்கு மேல் விலகும் கணம். எதிரி தலையைக் குனிந்து பந்தையே பார்க்கும் கணம். அவர் முதுகைத் திருப்பும் கணம். அவற்றுக்காகக் காத்திருப்பவரே பாயும் உரிமை பெற்றவர்.

பின்னாலிருந்து சட்டையை இழுத்து விழுத்திவிடுவதும் தாமதிக்கச் செய்யும் வழிதானே என்று சிலர் வாதிடுவதுண்டு. தெளிவான கோல் வாய்ப்பை முறைகேடாகத் தடுப்பவரை வெளியேற்ற வேண்டும் என்பது 1990களின் தொடக்கம் முதல் விதியாகிவிட்டது. பத்துப் பேருடன் ஆடும் அணிக்கு எண்ணிக்கைச் சிக்கல் ஆட்டம் முடியும்வரை தொடரும். நேர்மையான பொறுமையே கணக்கிலும் இலாபமானது.

எழுதப்படாதவர்கள்

பத்திரிகைத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் இறுதியாக ஒன்றைக் கூற வேண்டும். விளையாட்டுச் செய்திக்கு ஒதுக்கப்படுவது சில அங்குல இடம். யார் வென்றார், எத்தனை கோல், யார் அடித்தார் என்பவற்றோடு அந்த இடம் நிரம்பிவிடும். போடப்பட்ட கோலுக்கு நிமிடமும் பெயரும் உண்டு; போடப்படாமல் போன கோலுக்கு இரண்டும் இல்லை. நமது குடாநாட்டின் உதைபந்தாட்ட வரலாற்றை யாரேனும் பழைய பத்திரிகைகளைக் கொண்டு எழுத முற்பட்டால், அது முன்கள வீரர்களின் வரலாறாகவே அமையும். பின்களத்தில் நின்று நேரம் சேமித்துக் கொடுத்தவர்களின் பெயர்கள் அவர்களுடன் ஆடியவர்களின் நினைவில் மட்டுமே இருக்கின்றன. அந்த நினைவுகளுக்கு உரியவர்கள் இன்று உலகெங்கும் சிதறி முதுமை எய்தி வருகின்றனர்.

ஆகவே வாசகர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. கழகத்துக்கோ பாடசாலைக்கோ ஆடியவர்கள், தங்களோடு ஆடிய பின்கள வீரர்களைப் பற்றி எழுதி வையுங்கள். எந்த ஆண்டு, எந்த மைதானம், எப்படித் தற்காத்தார் என்று எழுதுங்கள். ஊரில் சுற்றுப்போட்டி நடத்தப் பணம் அனுப்புகின்றவர்கள், அதிக கோல் அடித்தவருக்கு வைக்கும் பரிசுக்கு இணையாகச் சிறந்த பின்கள வீரருக்கும் ஒரு பரிசை வைக்கச் சொல்லுங்கள். விளையாட்டரங்கு கட்டுவதோடு ஒப்பிட்டால் மிகச் சிறிய செலவு அது. ஆனால் அடுத்த முறை இருவர் பந்துடன் வரும்போது, பாயாமல் நின்று பின்வாங்கும் பதினான்கு வயதுப் பிள்ளை ஒன்று, தான் செய்வது சரி என்பதைத் தெரிந்துகொண்டு பின்வாங்கும்.